'யீட்' தேடப் போனேன்: மெரியம்-வெப்ஸ்டர் தளம் எப்படி?

அமெரிக்காவில் படிக்கும் அக்கா மகன் போனில், "வீட்டுக்கு வந்ததும் பேக்கை யீட் பண்ணிட்டேன் சித்தி" என்றான். வீசினான் என்று புரிந்தது, ஆனால் சும்மா வீசவில்லை என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. போனில் இருந்த ஒரு இலவச அகராதி ஆப்பில் தேடினேன், அந்தச் சொல்லே இல்லை. அப்புறம்தான் மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க ஆங்கில அகராதியின் தளத்துக்குப் போனேன்.

அங்கே இருக்கும் விளக்கம் அருமை. பலமாக எறிவது, அதுவும் எறிகிற பொருளுக்கு என்ன ஆகும் என்ற கவலையே இல்லாமல். அந்தப் பின்பாதிதான் விஷயமே. நண்பன் பிடிக்கட்டும் என்று பந்தைப் போட்டால் அது யீட் இல்லை, காலி கேனை எங்கே போய் விழும் என்றுகூடப் பார்க்காமல் கூட்டத்துக்கு மேலே விட்டெறிந்தால் அது யீட். படித்ததும் எனக்கு நம்ம 'கடாசு' ஞாபகம் வந்துவிட்டது. தூக்கிக் கடாசினான் என்றாலே பொருள் மேல் அக்கறை இல்லை என்பதும் சேர்ந்து வருகிறது, இல்லையா? ஆனால் கடாசுவதில் பெரும்பாலும் எரிச்சல் இருக்கும், யீட்டில் இருப்பது குஷி. அதனால்தான் எதையும் எறியாமலே, சந்தோஷத்திலும் ஆச்சரியத்திலும் "யீட்!" என்று கத்தவும் செய்கிறார்கள், அந்தப் பொருளும் தளத்தில் தனியாக இருக்கிறது. ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால் உச்சரிப்பும் கேட்கலாம்.

ஒரு குறை, தாமதம். 2014 வாக்கில் வைன் என்ற குட்டி வீடியோ ஆப்பில் ஒரு நடனத்தோடு பரவிய சொல் இது, அமெரிக்க ஆங்கிலத்தை ஆராயும் அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி என்ற சங்கம் 2018க்கான சிறந்த கொச்சைச் சொல்லாகவே தேர்ந்தெடுத்தது, மெரியம்-வெப்ஸ்டரில் ஏறியதோ 2022 செப்டம்பரில், 370 புதுச் சொற்களோடு. ஒரு சொல் நிலைக்கிறதா என்று பார்த்துத்தான் சேர்க்கிறார்கள், அதனால் நம்பிப் படிக்கலாம், ஆனால் போன மாதம் பிறந்த சொல்லுக்கு இங்கே வந்து பயனில்லை.

அதற்கு 1999 முதல் இருக்கும் அர்பன் டிக்‌ஷனரிதான் சரி. யார் வேண்டுமானாலும் பொருள் எழுதலாம், மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள். யீட்டின் இறந்தகாலம் 'யோட்' என்று பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்வது மாதிரியான சங்கதிகளுக்கு அதுதான் இடம். ஆபாசமான பதிவுகளும் நிறைய உண்டு, சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறக்க வேண்டாம்.

மெரியம்-வெப்ஸ்டருக்கு ஐந்துக்கு நாலு தருவேன். வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருந்தால் முதலில் இதில் பாருங்கள், கிடைக்காவிட்டால் பிள்ளையிடமே கேளுங்கள். என் அக்கா மகன் அரைமணி நேரம் உற்சாகமாக விளக்கினான்.