டீசல்னா மிச்சம்தானே? அமெரிக்க பிக்கப்பில் அந்தக் கணக்கு

டல்லாஸ் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், புதிதாக ஒரு டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சின்ன வீடு) வாங்கியிருக்கிறார். சாமான் எல்லாம் ஏற்றினால் 7,000 பவுண்ட், அதாவது சுமார் 3,200 கிலோ. அதை இழுத்துக்கொண்டு கோடையில் குடும்பத்தோடு கொலராடோ மலைக்குப் போக வேண்டும். இழுக்க பிக்கப், அதாவது பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டி வேண்டும். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, டீசல்னா மிச்சம்தானே?"

நம் ஊரில் வளர்ந்தவர் அப்படித்தான் கேட்பார். அங்கே டீசல் விலையும் குறைவு, லிட்டருக்கு ஓடும் தூரமும் கூடுதல். அமெரிக்காவில் இரண்டாவது பாதி மட்டும்தான் உண்மை. 2004 வாக்கில் இருந்தே இங்கே பெரும்பாலான நாட்களில் டீசல்தான் விலை கூடுதல். மத்திய அரசின் வரியே கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். 2022 ஜூனில் விலை உச்சத்துக்குப் போனபோது நாட்டின் சராசரி பெட்ரோலுக்கு 5 டாலரைத் தாண்டியது, டீசல் 5.80-ஐத் தொட்டது. (இங்கே 'கேஸ்' என்றால் பெட்ரோல். சமையல் கேஸில் வண்டி ஓட்டுகிறார்களா என்று என் அம்மா ஒரு தடவை கேட்டார்.)

ஒரு கேலன் டீசலில் பெட்ரோலைவிட சுமார் 13 சதவீதம் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. டீசல் என்ஜின் காற்றை அழுத்தும் விகிதம் கூடுதல் என்பதால் அந்த ஆற்றலில் வீணாவதும் குறைவு. ஆக மைலேஜ் வித்தியாசம் நிஜம்தான். ஆனால் டீசல் விலை 20 சதவீதம் கூட என்றால், மைலேஜும் 20 சதவீதம் கூட இருந்தால்தான் கணக்கு சமமாகவே ஆகும். அதற்கு மேல் வருவதுதான் லாபம்.

இங்கே பிக்கப்பை ஒரே வகையாக நினைக்கக் கூடாது. 'ஹாஃப் டன்' என்று சொல்லும் லேசான 1500 ரகம் ஒன்று. 2500, 3500 என்ற, கனமான வேலைக்கான ஹெவி டியூட்டி ரகம் இன்னொன்று. டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் வேறு வேறு பதில்.

முதலில் ஹாஃப் டன். இதில் டீசல் கிட்டத்தட்ட அழிந்துபோன இனம். ஃபோர்டு எஃப்-150-இல் 2018-இல் வந்த 3.0 லிட்டர் டீசல் 2021 மாடலோடு போய்விட்டது. ராம் 1500-இன் ஈக்கோடீசலை 2023 ஜனவரியில் நிறுத்தினார்கள். மிஞ்சியது செவர்லே சில்வராடோ போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வரும் 3.0 டியூராமேக்ஸ் டீசல். இப்போது 305 குதிரைத்திறன், 495 பவுண்ட்-அடி டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை). அதே சில்வராடோவில் 5.3 லிட்டர் பெட்ரோல் வி8 (எட்டு சிலிண்டர்) என்றால் 355 குதிரைத்திறன், 383 பவுண்ட்-அடி. குதிரைத்திறனைப் பார்த்தால் பெட்ரோல்தான் பலசாலி என்று தோன்றும். பின்னால் பாரம் மாட்டிய பிறகு குதிரைத்திறனைவிட, என்ஜினின் குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் டார்க்தான் காலுக்குத் தெரியும்.

மற்றவர்கள் ஏன் கைவிட்டார்கள்? டர்போ (காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் கருவி) வைத்த பெட்ரோல் என்ஜின் எட்டிப் பிடித்துவிட்டது. ஃபோர்டின் 3.5 ஈக்கோபூஸ்ட் 500 பவுண்ட்-அடி தருகிறது. அதோடு பேட்டரி சேர்த்த ஹைப்ரிட் 570. அதே எஃப்-150-இல் வந்த டீசல் 440-தான் தந்தது.

மைலேஜில் மட்டும் 3.0 டீசலை அசைக்க முடியாது. 2020-இல் வந்தபோது இரண்டு சக்கரத்துக்கு மட்டும் என்ஜின் பலம் போகும் ரகத்துக்கு நெடுஞ்சாலையில் கேலனுக்கு 33 மைல் என்று மைலேஜ் அட்டையில் போட்டார்கள். நம் கணக்கில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர்; இந்த உருவத்துக்கு அது அநியாயம். சரி, ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து டீசலுக்கு 25, வி8-க்கு 18 என்றும், வருஷம் 15,000 மைல், பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.60 என்றும் வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு 2,500 டாலர், டீசலுக்கு 2,160. வருஷத்துக்கு 340 டாலர் மிச்சம். டீசலுக்கு 1,500 டாலர் கூடக் கொடுத்திருந்தால் நாலரை வருஷத்தில் கை சேரும். பரவாயில்லை ரகம்.

ஒரு விஷயம் மட்டும். இந்த என்ஜினில் ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. முதலில் வந்த ரகத்துக்கு 1,50,000 மைலில் மாற்றச் சொல்கிறார்கள். கியர்பாக்ஸைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். பழைய வண்டி வாங்குபவர் ஓடிய மைலைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஹெவி டியூட்டி. மொத்த எடை அனுமதி 8,500 பவுண்டைத் தாண்டிய வண்டிக்கு மைலேஜ் அட்டை ஒட்டும் கட்டாயமே இல்லை. ஷோரூமில் எவ்வளவு தேடினாலும் அந்த எண் கிடைக்காது. ஓட்டுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் கிட்டத்தட்ட இப்படித்தான் சொல்வார்கள்: பெட்ரோல் சும்மா ஓடினால் கேலனுக்கு 14 மைல், இழுத்தால் 9. டீசல் சும்மா ஓடினால் 17, 18, இழுத்தால் 12. நண்பர் மாதிரி ஆள் வருஷத்தில் 9,000 மைல் சும்மாவும் 3,000 மைல் இழுத்தும் ஓட்டினால், அதே விலைக்கு பெட்ரோல் செலவு சுமார் 2,930 டாலர், டீசல் 2,750. மிச்சம் 180-க்குக் கிட்டே. டீசல் என்ஜினுக்குக் கூடுதல் விலை பத்தாயிரம் டாலர் என்று வையுங்கள். அதை எரிபொருளில் மட்டும் எடுக்க ஐம்பத்தைந்து வருஷம் ஆகும். விற்கும்போது டீசலுக்கு நல்ல விலை கிடைக்கும், அதில் ஒரு பங்கு திரும்பி வரும். அப்படியும் மிச்சம் பிடிக்க ஹெவி டியூட்டி டீசல் வாங்கினேன் என்று யாராவது சொன்னால் நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

அப்புறம் ஏன் இத்தனை பேர் வாங்குகிறார்கள்? மலைக்காக.

டென்வரில் இருந்து மேற்கே ஐ-70 சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறுகிறது. அங்கே உயரம் 11,000 அடிக்கு மேல். ஆயிரம் அடிக்கு சுமார் 3 சதவீதம் என்ற கணக்கில், டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் அந்த உயரத்தில் தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். டர்போ இருப்பதால் டீசலுக்கு அந்த நஷ்டம் மிகக் குறைவு. போதாததற்கு ஃபோர்டு ஹெவி டியூட்டியின் 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 தருவது 485 பவுண்ட்-அடி, 6.7 டீசல் 1,050. இரண்டிலும் அந்த ஏற்றத்தில் போயிருக்கிறேன். பெட்ரோல் வண்டி கியரை இரண்டு படி இறக்கி, நிமிஷத்துக்கு 4,500 சுழற்சியில் கத்திக்கொண்டே ஏறும். பின் சீட்டில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஏறாமல் இல்லை, ஏறும். லாரிகளுக்குப் பின்னால் வலது ஓரத்தில். டீசலில் 2,000 சுழற்சி தாண்டாது. பாட்டு கேட்டுக்கொண்டே போகலாம்.

எனக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பெரிது. டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒரு பொத்தான். அமுக்கினால் என்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். பிரேக்கில் கால் வைக்கும் வேலை பாதிக்கு மேல் குறையும். பெட்ரோலில் கியரை இறக்கி வைத்து, நடுநடுவே பிரேக்கை மிதித்து, அந்தச் சூடான வாடை வருகிறதா என்று மூக்கை நீட்டிக்கொண்டே இறங்க வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு டீசலின் மறுபக்கத்தை மறைக்கக் கூடாது. ஆறு வருஷம் ஒரு டீசல் 2500 வைத்திருந்தேன். என்ஜின் ஒரு நாளும் படுத்தியதில்லை. படுத்தியதெல்லாம் புகைக்குழாய் பக்கம்தான். புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். இங்கே 'டெஃப்' என்பார்கள். 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணீர். டெக்சாஸின் அமரில்லோவைத் தாண்டி, கண்ணுக்கு எட்டிய தூரம் ஒன்றுமில்லாத இடத்தில், டெஃப் சென்சார் கெட்டுப்போய் "இன்னும் இத்தனை மைலில் வேகம் குறைக்கப்படும்" என்று திரையில் எண் இறங்க ஆரம்பித்தது. டேங்க் நிறைய கரைசல் இருந்தது. இரண்டு நாள் ஒரு மோட்டலில் கிடந்தோம். கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் அப்படித்தான்: நீளமாக ஓடிச் சூடானால்தான் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். பள்ளிக்கூடம், மளிகைக் கடை, கோயில் என்று அஞ்சு மைல் ஓட்டத்துக்கு வைத்தால் அடைத்துக்கொள்ளும். ஃபோர்டின் 6.7 டீசலுக்கு ஆயில் மாற்றவே 13 குவார்ட் (ஒரு குவார்ட் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) வேண்டும், பெட்ரோல் 7.3-க்கு 8 போதும். இன்னொன்று, டீசல் குழாயின் வாய் பெரியது, பெட்ரோல் வண்டியில் நுழையாது. பெட்ரோல் குழாய் பல டீசல் வண்டிகளின் டேங்கில் தாராளமாக நுழையும். அவசரத்தில் வண்டியை மனைவியிடமோ மச்சானிடமோ கொடுத்தனுப்பும்போது இதைச் சொல்லி அனுப்புங்கள்.

நண்பரின் விஷயத்துக்கு வருவோம். அவர் பார்த்து வைத்திருந்தது ஒரு ஹாஃப் டன் டீசல். விளம்பரத்தில் 13,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று போட்டிருந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆளும் சாமானும் சேர்ந்து 1,450 பவுண்டைத் தாண்டக் கூடாது என்றது அட்டை. 7,000 பவுண்ட் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டியின் பின்பக்கம் சாய்க்கும். 12 சதவீதம் என்றால் 840. மீதி 610. அதற்குள் பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு, ஐஸ் பெட்டி, அத்தை கட்டிக் கொடுக்கும் முறுக்கு டப்பா. இழுக்கும் திறன் மிச்சம் இருக்கிறது, சுமக்கும் திறன் இல்லை.

இதே காரணத்தால்தான் ஹெவி டியூட்டியிலும் அவருக்குப் பெட்ரோலைச் சொன்னேன். டீசல் என்ஜின் பல நூறு பவுண்ட் கூடுதல் எடை. 2500 ரகத்தில் அது நேராக மஞ்சள் அட்டையில் கழிந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை மலை, மற்ற நாளெல்லாம் ஆபீஸும் பள்ளிக்கூடமும் என்றால் ஒரு நாள் கத்தலைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் மாதாமாதம் இழுப்பவர், குதிரை டிரெய்லரோ ஃபிஃப்த் வீலோ (பிக்கப் தொட்டிக்குள்ளேயே மாட்டும் பெரிய டிரெய்லர்) வைத்திருப்பவர் கேட்டிருந்தால் யோசிக்காமல் டீசல் 3500 என்றிருப்பேன்.

"அப்போ மைலேஜ்?" என்றார். 14, என்றேன். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் என்று அவரே மனக்கணக்குப் போட்டு, கொஞ்ச நேரம் பேசவில்லை. நேற்று வாட்ஸ்அப்பில் மூன்று மஞ்சள் அட்டைகள் வந்தன. மூன்றும் பழைய 2500, மூன்றும் பெட்ரோல். ஒன்றில் 3,020 பவுண்ட் சுமக்கலாம் என்று இருந்தது. டயர் எந்த வருஷத்தது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.