யூவி டார்ச் வாங்கினேன், முதல் ராத்திரியே 11 தேள்

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதற்காகத்தான் வந்திருப்பீர்கள். நான் வாங்கியது யூவி, அதாவது புற ஊதா வெளிச்சம் அடிக்கிற இரண்டு டார்ச். ஒன்று 340 ரூபாய், இன்னொன்று 1,650. முதலாவது இப்போது என் பையனின் பொம்மைப் பெட்டியில் கிடக்கிறது. இரண்டாவது செங்கம் பக்கத்தில் பெரியம்மா வீட்டு வாசல் ஆணியில் தொங்குகிறது.

எதற்கு வாங்கினேன் என்றால், போன மே மாதம் பெரியம்மா அடுப்புக்கு வறட்டி எடுக்கப் போய் அடுக்கில் கையை விட்டார், மோதிர விரலில் தேள் கொட்டிவிட்டது. சின்னத் தேள், வைக்கோல் நிறத்தில் கொஞ்சம் செம்மண் கலந்த மாதிரி இருந்தது என்று அப்புறம் சொன்னார். முதலில் வலி, பிறகு குப்பென்று வியர்வை, கை கால் சில்லிட்டுப் போய் வாந்தி. ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்கப் படுக்க வைத்து நாடியையும் பிரஷரையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், மறுநாள் மதியம் அனுப்பினார்கள். நான் திரும்பி வரும் பஸ்ஸிலேயே போனை எடுத்து டார்ச் ஆர்டர் போட்டேன். ஒன்று விடாமல் நசுக்கிவிட வேண்டும் என்ற கோபம்தான், வேறொன்றும் இல்லை.

தேளின் மேலோட்டில் புற ஊதா வெளிச்சம் பட்டால் அது பச்சையும் நீலமும் கலந்து ஒளிரும். பகலில் கரிக்கட்டை மாதிரி இருக்கும் நட்டுவாக்காலியும் சரி, செந்தேளும் சரி, இரண்டுமே மின்னும். ஓட்டில் இருக்கும் சில வேதிப்பொருட்கள்தான் காரணம். செத்துப்போன தேளும் மின்னும், அருங்காட்சியகத்தில் சாராயத்தில் போட்டு வைத்த தேளும் மின்னும். தோல் உரித்த புதிதில் மட்டும் மின்னாது, மேலோடு இறுகிய பிறகுதான். இப்படி மின்னுவதால் தேளுக்கு என்ன லாபம் என்பதில் ஆராய்ச்சிக்காரர்களிடம் இன்னும் ஒருமித்த பதில் இல்லை. எனக்கு லாபம், அது போதும் என்று இருந்தேன்.

340 ரூபாய் டார்ச்சைப் பற்றிச் சொல்கிறேன். 51 குட்டி எல்இடி, மூன்று பென்டார்ச் செல். விளம்பரத்தில் வெளிச்சத்தின் அலைநீளம் 365 நானோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். வந்தது 395 வகை, சந்தேகமே இல்லை. எப்படித் தெரியும் என்றால், 365-இல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மிகக் குறைவு, மங்கலாக ஒரு சாம்பல் வெள்ளைதான் தெரியும். 395 சுவரெல்லாம் கத்தரிப்பூ நிறத்தைக் கொட்டும். கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி இருந்தது. அதே விளம்பரத்தில் கிருமியைக் கொல்லும் என்றும் போட்டிருந்தார்கள். அது பொய், கிருமி கொல்லும் விளக்கின் அலைநீளமே வேறு. கள்ள நோட்டு கண்டுபிடிக்கலாம் என்று போட்டிருந்தது மட்டும் ஓரளவு உண்மை. 500 ரூபாய்த் தாளில் அடித்தால் எண்கள் மின்னின, நூல் நூலாகச் சில இழைகள் தெரிந்தன, தாள் அப்படியே மங்கலாக இருந்தது. பக்கத்தில் வைத்த சாதா வெள்ளைத் தாள்தான் நீலமாகப் பளீரென்று அடித்தது.

ஆனாலும் அந்த மட்டமான டார்ச்சே வேலை செய்தது, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். முதல் ராத்திரி எட்டரை மணிக்கு, கரண்டை அணைத்துவிட்டு, நானும் பெரியப்பாவும் கொல்லைப்பக்கம் போனோம். கிணற்றடித் துணி துவைக்கிற கல்லில் முதல் தேள். கல் முழுக்க ஊதா, நடுவில் யாரோ ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டினது போல ஒரு பச்சை வளைவு. அப்புறம் வறட்டி அடுக்கில் ஐந்து. விறகுக்கட்டில் இரண்டு. ஓட்டு வீட்டின் பின்சுவர் விரிசலில் இரண்டு, ஒன்று தலைகீழாக. கடைசி ஒன்று எங்கே என்று நினைக்கிறீர்கள், படுக்கிற திண்ணைக்குக் கீழே, பெரியப்பாவின் செருப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி. மொத்தம் 11. பெரியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷமா இதுங்க கூடத்தான் படுத்துக் கிடந்தனா?" என்றார். அதற்குப் பெரியப்பா, "உனக்கு என்ன, நான் நாற்பது வருஷமா கூட இருக்கேன்" என்று சொல்லிச் சிரிக்க, டார்ச் வெளிச்சத்தில் அவர் பல் வரிசை பளிச்சென்று மின்னியது. நடுவில் மூன்று பல் மட்டும் கறுப்பு. கட்டுப் பல் என்று ஊருக்கே தெரியாமல் வைத்திருந்தார் மனுஷன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டார்.

அந்த ராத்திரி ஏழு தேளைச் செருப்பால் அடித்தேன். மறைக்க ஒன்றும் இல்லை. மறுநாள் ராத்திரி எண்ணினால் 9. அதற்கு மறுநாள் 10. அடிக்க அடிக்க அந்த இடத்துக்கு வேறு ஒன்று வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் ராத்திரிதான் வறட்டி அடுக்கின் அடிவரிசையில் ஒன்றைப் பார்த்தேன். வயிறும் வாலும் பச்சையாக மின்னுகிறது, முதுகு மட்டும் மங்கல். முதுகில் ஏதோ சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் குனிந்தால், பருக்கைக்குக் கால் முளைத்தது. குட்டிகள். இருபதுக்குக் குறையாமல் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. வெளுத்துப்போய் மெத்தென்று இருந்தன, முதல் தோல் உரிக்காத குட்டி சரியாக மின்னாது. தேள் முட்டையிடாது, குட்டியே போடும். குட்டிகள் தாய் முதுகில் ஏறிக்கொண்டு முதல் தோலை உரிக்கும் வரை இறங்காது. பெரியம்மா சின்ன வயசிலிருந்து, தேள் குட்டி வயிற்றைக் கிழித்துக்கொண்டு வரும், தாய் செத்துப்போகும் என்றே நம்பியிருந்தார். அன்றைக்கு அரை மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "சாவல பாரு, சுமந்துகிட்டுல்ல நிக்குது" என்றார். தன்னைக் கொட்டிய சாதிதான் அது என்பதும் அவருக்குத் தெரியும். செருப்பை என் கையிலிருந்து வாங்கிக் காலில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வறட்டி அடுக்கைச் சுவரை ஒட்டி வைக்காமல் இருபது அடி தள்ளி, கல் மேல் பலகை போட்டு அடுக்கினோம். சுவர் விரிசலுக்குச் சிமென்ட் பூசினோம். கூலி, சிமென்ட் எல்லாம் சேர்த்து 900 ரூபாய். பத்து நாள் கழித்து வீட்டை ஒட்டி எண்ணினால் 3 தேள்தான். டார்ச் செய்த உண்மையான வேலை இதுதான், எங்கே தங்குகிறது என்று காட்டியது. வீட்டுக்குள் வருவதை மட்டும் இப்போது நீள இடுக்கியால் பிடித்து டப்பாவில் போட்டுக் கரட்டுப் பக்கம் விட்டுவிடுகிறோம். மற்றது அதன் பாட்டுக்குக் கரப்பானைத் தின்றுகொண்டு இருக்கிறது. ஒரு தடவை பார்த்தேன், தன் உடம்புக்குச் சமமான கரப்பானை முன் இடுக்கி இரண்டாலும் பிடித்து, அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தது. அதற்கு நான் எதற்குக் குறுக்கே போக வேண்டும்?

சரி, இரண்டாவது டார்ச். முதலாவதில் நாலு அடிக்கு மேல் எட்டாது. அதனால் 365 வகை, முன்பக்கம் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி வைத்தது, சார்ஜ் போடுகிற பேட்டரியோடு வாங்கினேன். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். பதினைந்து அடி தள்ளி வரப்பில் இருக்கும் தேள் தெரிகிறது. கல்லில் படிந்த பாசிப் பூச்சில் சில ஆரஞ்சாக எரிகிறது, பெரியப்பாவின் வேட்டி சோப்புப் பவுடர் புண்ணியத்தில் பேய் மாதிரி நடந்து போகிறது. செம்மண் மேட்டில் நட்டுவாக்காலி வளைகளைக் கண்டுபிடித்தோம். வாய் அகலமாக, பிறை மாதிரி இருக்கும், அதற்குள்ளே இரண்டு பெரிய இடுக்கி மட்டும் கதவு போட்டாற்போல மின்னிக்கொண்டு நிற்கும். உள்ளங்கை நீளம் இருக்கிற இதைப் பார்த்துத்தான் ஊரே அலறுகிறது, ஆனால் பயப்பட வேண்டியது சின்னதுக்கு. இடுக்கி தடியாகவும் வால் மெலிவாகவும் இருந்தால் விஷம் பெரும்பாலும் குறைவு, இடுக்கி ஒல்லியாகவும் வால் தடியாகவும் இருந்தால் ஒதுங்கிப் போய்விடுங்கள். செந்தேள் இரண்டாவது வகை. குழந்தைகளை அது கொட்டினால் இதயம் வரைக்கும் பாதிக்கும், மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். மகாராஷ்டிராவில் மகாட் என்ற ஊரில் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்ற மருத்துவர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை செந்தேள் கடிக்கு உயிர் காக்கும் என்று காட்டினார். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சீக்கிரம் ஆஸ்பத்திரி போனால் வைத்தியம் இருக்கிறது என்று சொல்லத்தான் இது.

இப்போது குறை. விளம்பரத்தில் எவனும் எழுதாத குறை ஒன்று இருக்கிறது, என் உயிரே போயிருக்கும்.

இந்த டார்ச் மின்னுவதை மட்டுமே காட்டும். மின்னாதது எல்லாம் இருட்டு. ஒரு அமாவாசை ராத்திரி (நிலா வெளிச்சத்தில் தேள் அவ்வளவாக வெளியே வருவதில்லை, நான் பார்த்த வரைக்கும்) கல் கட்டு ஓரமாகப் பச்சைப் புள்ளிகளை எண்ணிக்கொண்டே போகிறேன், 14, 15 என்று. திடீரென்று காலடியில் உப்புத்தாளைச் சுவரில் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம். ஊதா வெளிச்சத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் சருகு. பின்னால் வந்த பெரியப்பா தன் பழைய மஞ்சள் டார்ச்சை அடித்தார். சுருட்டை விரியன். ஒரு முழம் கூட இருக்காது, எட்டுப் போட்டுச் சுருண்டு, செதிலோடு செதிலை உரசிக்கொண்டு, எனக்கு இரண்டடி முன்னால். "அசையாத, அது சொல்லிட்டுத்தான இருக்கு, மெதுவா பின்னால வா" என்றார். வந்தேன். அது அந்த இடத்திலேயே உரசிக்கொண்டு கிடந்தது, துரத்தவும் இல்லை, சீறிப் பாயவும் இல்லை. நான் மிதிக்கப் போனதற்கு அது செய்தது சத்தம் போட்டது மட்டும்தான். வீட்டுக்கு வந்து சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தேன்.

அதனால் இதை வாங்குகிறவர்கள் ஒரு கையில் இது, இன்னொரு கையில் சாதா டார்ச், காலில் கணுக்கால் மூடுகிற ஷூ. பத்தடிக்கு ஒரு தடவை சாதா டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பத்தடி. சாதா டார்ச்சிலேயே வேறு ஒரு வேடிக்கையும் இருக்கிறது, நெற்றிக்கு நேரே வைத்துப் புல்லைப் பாருங்கள், பனித்துளி மாதிரி மினுக்கும். கிட்டப் போனால் அத்தனையும் தரையில் ஓடும் சிலந்திகளின் கண். நான் பார்த்த இரண்டு பூரானும் யூவியில் மின்னவில்லை, எனவே பூரானுக்காக இதை வாங்காதீர்கள்.

மற்ற குறைகள் சில்லறை. சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி மூன்றாவது வாரமே பிய்ந்தது. முழு சார்ஜ் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறார்கள், எனக்கு 50 நிமிஷம்தான் வந்தது. கேட்டதற்கு பேட்டரி வாரண்டியில் வராது என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். கண்ணுக்கு மஞ்சள் கண்ணாடி கூடவே தருகிறார்கள், அதைப் போடாமல் அரை மணி நேரம் பார்த்தால் தலை வலிக்கும். யார் முகத்திலும் அடிக்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள் (பையனிடம் இருப்பது செல் கழற்றியது). தேள் மீதும் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், அதற்கு இந்த வெளிச்சம் பிடிக்காது, இங்கும் அங்கும் ஓட ஆரம்பித்துவிடும்.

ஓட்டு வீடு, கல் சுவர், விறகு அடுக்கு உள்ளவர்களுக்கு 340 ரூபாய் டார்ச்சே போதும். எட்ட நின்று பார்த்து ரசிக்கிற ஆசை வந்துவிட்டது என்றால் மட்டும் 365-க்குப் போங்கள். சென்னை அபார்ட்மென்ட் நாலாவது மாடிக்கு இரண்டுமே வேண்டாம், சோப்புக் கறை பார்க்கத்தான் ஆகும். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன், அந்த அரை பெரியம்மாவுக்காக. இப்போது ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவரே டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வந்து எனக்கு எண்ணிக்கை சொல்கிறார். நேற்று போன் வந்தது, "நாலுதான்டா, ஆனா சார்ஜர் ஒயர எலி கடிச்சிருச்சு, வேற ஒண்ணு அனுப்பு" என்றார். அனுப்புகிறேன் என்றேன். வைக்கப் போகும்போது, "எலியக் காட்டுற டார்ச்சு ஏதாச்சும் வித்தா அதையும் பாரு" என்றார்.