சி வகுப்பு என்றால் சின்னது என்று நம்பி 75,000 ரூபாய் போன கதை

ஏப்ரல் சீசனுக்கு வீட்டு வேன் வாடகைக்கு எடுக்கப் பார்க்கிறவர்கள் அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் இதை வாசித்துவிடுங்கள்.

அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். ஹட்டனில் இருந்து நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, எல்ல வரை மூன்று நாள் போவதாகத் திட்டம். படுக்க, சமைக்க வசதியுள்ள வண்டிக்காகக் கொழும்புப் பக்கம் ஒருவரிடம் பேசினேன். "ஏ, பி, சி-ன்னு மூணு வகுப்பு இருக்கு சார், எது வேணும்?" என்றார். நம்ம கணக்கில் ஏ பெரியது, சி கடைசி. "எங்க ரோட்டெல்லாம் வளைவு. சின்னதே போதும், சி குடுங்க" என்றேன். "சரி சார், உங்களுக்கு அதுதான் பொருத்தம்" என்றார். நான் தப்பாக விளங்கிக்கொண்டது அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். வாயைத் திறக்கவில்லை.

இவை அமெரிக்காவில் வைத்த பெயர்கள். எழுத்து வரிசைக்கும் அளவுக்கும் சம்பந்தமே கிடையாது. பஸ் அல்லது கனமான லொறி சேஸியில் முழு வீடாகக் கட்டியது ஏ. சாதாரண வேனுக்கு உள்ளேயே கட்டில், அடுப்பு வைத்தது பி. மூன்றிலும் சின்னது அதுதான். நம்ம டொல்பின் வேனை மாற்றிக் கட்டினால் அது பி. வேன் அல்லது லொறியின் முன்பகுதியை மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் பெட்டி கட்டி, டிரைவர் தலைக்கு மேலே ஒரு கட்டிலையும் நீட்டியிருந்தால் சி.

வீட்டு வாசலில் வந்து நின்றது பழைய லொறி ஒன்று. முதுகில் பிளைவூட் வீடு. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். பிள்ளைகள் மேல் கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், எனக்கு மனசு வரவில்லை.

தலவாக்கலை தாண்டுவதற்குள் மேல்பெட்டி மரக்கிளையில் இரண்டு தரம் உரசியது. எதிரே பஸ் வந்தால் பெட்டியின் அகலம் டிரைவர் சீட்டில் இருந்து பிடிபடாது. நுவரெலியாவில் ராத்திரி மழைக்குக் கூரை ஒழுகியதைக்கூட விடுங்கள். காஸ் சிலிண்டர் கட்டிலுக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் இருந்தது. சமையல் காஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும்; அது வெளியேற அடித்தளத்தில் துவாரம் வேண்டும். ஒன்றுமே இல்லை. 2021 கடைசியில் ஊரெல்லாம் காஸ் அடுப்பு வெடித்த நாட்களை அம்மா மறக்கவில்லை. சிலிண்டரை வெளியே தூக்கி வைத்த பிறகுதான் படுத்தார்.

மறுநாள்தான் உயிர் போய் வந்தது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். சீதா எலிய கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஹக்கல தோட்டம் கடந்து வெலிமடைப் பக்கம் இறங்கும்போது கருகல் வாடை. பிரேக்கை மிதித்தால் பாதம் ஆழமாகப் போகிறது. கியரை இரண்டுக்கு இறக்கி, மண்மேட்டோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டேன். அரை மணித்தியாலம் யாரும் பேசவில்லை.

வெலிமடையில் கராஜ்காரத் தம்பி அடியில் படுத்துப் பார்த்தார். "அண்ணே, இந்த சேஸிக்கு இந்தப் பாரம் கூட. தண்ணித் தொட்டிய வேற நிரப்பி வச்சிருக்காங்க." 100 லீட்டர் தொட்டி, அதுவே 100 கிலோ. "ஏற்றத்துல எந்த கியர்ல ஏறுவீங்களோ, அதே கியர்ல இறங்கணும். பிரேக்க மட்டும் நம்பக்கூடாது." லைனிங் மாற்றின செலவும் என்னுடையது.

லொக் புக், அதாவது வண்டிப் பதிவுப் புத்தகத்தின் பிரதியை அங்கேதான் முதல்முறை விரித்துப் பார்த்தேன். மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல். அதற்கு லொறிக்கான சி1 லைசன்ஸ் வேண்டும், என்னிடம் இருப்பது கார், வேனுக்கான பி லைசன்ஸ். இன்சூரன்ஸ் பத்திரத்தில் சொந்தப் பாவனை என்று இருந்தது, வாடகைக்கு என்று இல்லை. அந்த இறக்கத்தில் ஏதாவது நடந்திருந்தால் ஒரு சதம் கிடைத்திருக்குமா தெரியாது.

ஆகவே போனில் வகுப்பு எழுத்தைச் சொல்லாதீர்கள். நீளம், அகலம், உயரம் எத்தனை அடி என்று கேளுங்கள். லொக் புக், இன்சூரன்ஸ் இரண்டையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். கழிப்பறைத் தொட்டி இருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள்; அதை எங்கே கொட்டுவது என்றும் கேளுங்கள். எங்கள் பக்கம் அப்படி ஓர் இடத்தை நான் கண்டதில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் சொன்னது: "சி-ன்னு கேட்டது நீங்கதானே சார்?" கட்டுக்காசு 30,000 இன்னும் வரவில்லை. 1977க்கு அழைத்து நுகர்வோர் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். கையில் ரசீது கிடையாது, பேங்க் ஸ்லிப் மட்டும்தான் இருக்கிறது.