அம்பாசிடர் ஹெட்லைட்டுக்கு ரிலே: எட்டு வருஷ அனுபவம்

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1986 மாடல், மார்க் 4, பெட்ரோல். அதன் ஹெட்லைட்டுக்கு ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச், போட்டு எட்டு வருஷம் ஆகிறது. இதற்குள் வண்டி ஏறக்குறைய 38,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அதில் கால்வாசியாவது ராத்திரி ஓட்டம். போட்ட புதிதில் எழுதச் சொல்லியிருந்தால், 'அற்புதம், எல்லோரும் போடுங்கள்' என்று நாலு வரியில் முடித்திருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை. நடுவில் ஒரு தடவை ரோட்டில் இருட்டில் நிற்க வைத்தது, இன்னொரு தடவை பேட்டரியைக் காலி செய்தது.

அம்பாசிடர் ஓட்டியவர்களுக்குத் தெரியும், இதில் டிம்-பிரைட் மாற்றுவது காலால். கிளட்சுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பொத்தான். ஹெட்லைட்டுக்குப் போகிற மொத்தக் கரண்டும் முதலில் டேஷ்போர்டு சுவிட்ச், அங்கிருந்து இந்தக் கால் டிப்பர், அப்புறம் முன்னால் வரை ஒரு நீள ஒயர், நடுவில் நாலைந்து இணைப்பு என்று சுற்றித்தான் பல்புக்கு வரும். அந்தக் கால வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். 45/40 வாட் (பிரைட்டில் 45, டிம்மில் 40) பல்பு இருந்த வரைக்கும் இது ஒருமாதிரி ஓடியது. எங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் ஹெட்லைட் கண்ணாடியை மாற்றி எச்4 பல்பு, அதாவது 60/55 வாட், போட்டுவிட்டார். ஒயர் பழையதுதான். பிரைட்டில் 90 வாட் போன பாதையில் 120 வாட் போக ஆரம்பித்தது. ஆனால் வெளிச்சம் என்னவோ மஞ்சள் பூசணிக்காய் நிறத்தில்தான்.

நான் பல்பை மூன்று தடவை மாற்றிப் பார்த்தேன். பாலக்கரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாய்தான் கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, தண்ணி வர்ற பைப்பே அடைச்சுக் கிடக்கு. நீங்க குழாயை மாத்திக்கிட்டே இருக்கீங்க."

மல்டிமீட்டரை எடுத்து அளந்தோம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். பிரைட் போட்டு பல்பின் பின்னில் வைத்துப் பார்த்தால் 11.4. நடுவில் காணாமல் போன 2.4 வோல்ட்டைத் துண்டு துண்டாகத் தேடினோம். கால் டிப்பரில் 0.8, டேஷ்போர்டு சுவிட்சில் 0.7, ஒயரிலும் இணைப்புகளிலும் சேர்த்து 0.6, பாடி எர்த்தில் 0.3. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை, வோல்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கில் குறைகிறது. கணக்குப் போட்டால் வர வேண்டிய வெளிச்சத்தில் பாதிதான் ரோட்டில் விழுந்துகொண்டிருந்தது. காணாமல் போன வோல்ட் வழியெல்லாம் சூடாகப் போனது, அதில் பெரிய பங்கு டிப்பருக்குள். 0.8 வோல்ட்டும் ஒன்பது ஆம்பியரும் என்றால் ஏழு வாட் சூடு, அந்தச் சின்ன டப்பாவுக்குள். ரிலே போடுவதற்கு முந்தைய ஏழு வருஷத்தில் மூன்று டிப்பர் மாற்றியதற்கு அப்போதுதான் காரணம் புரிந்தது.

ரிலே செய்வது எளிய வேலை. பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராக ரிலேயின் 30 என்று எண் போட்ட காலுக்கு (பின்னுக்கு) வந்து, 87 வழியாகப் பல்புக்குப் போகும். பழைய ஒயர் 85, 86 கால்களுக்கு நடுவே இருக்கும் சுருளை மட்டும் இயக்கும். அதற்கு வேண்டியது 0.15 ஆம்பியர் அளவுதான். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. கடையில் ஐந்து கால் ரிலேயும் கொடுப்பார்கள். அதன் நடுவில் இருக்கும் 87ஏ, ரிலே அணைந்திருக்கும்போது இணைந்திருக்கிற கால். தெரியாமல் அதில் மாட்டினால் சாவியை எடுத்த பிறகும் லைட் எரியும்.

ஸ்டார்ட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சோலினாய்டின் பேட்டரி பக்கத்துப் போல்டிலிருந்து 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், ரிலேயிலிருந்து விளக்குகளுக்கு 2.5. எர்த்துக்கும் தனியாக 2.5 இழுத்தோம். பலர் சப்ளை ஒயரைத் தடிமனாகப் போட்டுவிட்டு எர்த்தைப் பழைய துருப்பிடித்த திருகிலேயே விட்டுவிடுகிறார்கள். போன கரண்ட் திரும்பி வரவும் பாதை வேண்டாமா? இடது விளக்கின் பழைய மூன்று பின் பிளக்கையே ரிலேக்களை இயக்க எடுத்துக்கொண்டோம். வலது பிளக்கை வெட்டாமல் டேப் சுற்றித் தொங்கவிட்டோம். செலவு ஒயர், ரிலே, பீங்கான் ஹோல்டர் எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். கூலி 600.

முடித்துவிட்டு அளந்தபோது பல்பில் 13.4 வோல்ட். அதாவது முன்பு இருந்ததைப் போல ஒன்றே முக்கால் மடங்கு வெளிச்சம், அதே பல்பில். அன்று ராத்திரி தஞ்சாவூர் ரோட்டில் அப்பா ஓட்டினார். துவாக்குடி தாண்டியதும், "எதிர்ல வர்றவன் டிம் அடிக்கச் சொல்லிக் காட்டுறான்டா. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நம்மளையும் ஒரு வண்டியா மதிக்கிறான்" என்றார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே சுவரில் அடித்து விளக்கைக் கீழே இறக்கினேன். ஏழரை மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம்மின் மேல் விளிம்பு விளக்கின் மையத்தைவிட ஏழெட்டு சென்டிமீட்டர் கீழே விழும்படி வைத்தேன். மங்கலாக எரிந்த காலத்தில் விளக்கு மேலே பார்த்திருந்த தப்பு யாருக்கும் தெரியவில்லை.

இனி தொல்லைகள்.

பதினாலாவது மாதத்தில் ஒரு காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி சுத்தமாகக் காலி. விசாரித்தால் டிம் ரிலேயின் உள் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டு, சுவிட்சை அணைத்த பிறகும் ராத்திரி முழுக்க லைட் எரிந்திருக்கிறது. குளிர்ந்த பல்பு எரியத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். முனை மெல்லியதாக இருந்தால் அங்கேயே வெல்டிங் ஆகிவிடும். நான் வாங்கியது இருப்பதிலேயே மலிவான ரிலே. போதாதற்கு, கால்கள் மேலே பார்க்கும்படி கிரில்லுக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். மழைத் தண்ணீர் உள்ளே தங்கிப் பச்சை பூத்திருந்தது. இரண்டு மடங்கு விலையில் வேறு ரிலே வாங்கி, கால்கள் கீழே பார்க்க, கொஞ்சம் உள்ளே தள்ளி மாட்டினேன். அந்த ஜோடிதான் இன்றும் ஓடுகிறது.

இரண்டாவது தொல்லைதான் உண்மையில் பயமுறுத்தியது. மூன்றாவது வருஷம், மதுரையிலிருந்து திருச்சி திரும்பிக்கொண்டிருந்தோம். துவரங்குறிச்சிக்கு முன்னால், மணி பதினொன்று இருக்கும், இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்தன. முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. பின்னால் லாரி. இண்டிகேட்டரைப் போட்டு, கோட்டைக் குத்துமதிப்பாகப் பிடித்து ஓரம் கட்டினேன். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ஃபியூஸைப் பிடித்திருக்கும் ஹோல்டர் உருகிவிட்டது. கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் வைக்கிற பதினைந்து ரூபாய்ச் சாமான். மொத்த விளக்குக்கும் அந்த ஒன்றைத்தான் நம்பியிருந்தேன்.

பழைய ஒயரிங்கில் எங்கள் வண்டி ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. ஷார்ட் ஆனால் ஒயர் எரியும், ஆனால் இப்படிச் சட்டென்று இருட்டாகாது. பாதுகாப்புக்கு என்று நான் சேர்த்ததே ஆபத்தில் கொண்டுவிட்டது. அன்று காப்பாற்றியது வெட்டாமல் விட்ட பழைய பிளக்குகள்தான். இரண்டையும் எடுத்து நேராகப் பல்புகளில் சொருகினேன். பழைய மஞ்சள் பூசணி வெளிச்சம் வந்தது. விராலிமலை, திருச்சி என்று ஐம்பதில் உருட்டிக்கொண்டு வீடு சேர்ந்தோம். அதே ரோட்டில் அந்த வெளிச்சத்தில்தான் இத்தனை வருஷம் எண்பதில் போயிருக்கிறோம் என்று நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்த வாரம் பாயிடம் போய் மாற்றியமைத்தோம். இடது டிம், வலது டிம், இடது பிரைட், வலது பிரைட், நான்குக்கும் தனித்தனியாக 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். பிரதான ஒயர் இன்னும் ஒன்றுதான். ஆனால் அதன் முனைகளில் லக் (போல்டில் மாட்டும் உலோக வளையம்) அழுத்திப் பொருத்தி, மேலே ஸ்லீவ் போட்டு, உரசும் இடத்தில் ரப்பர் வைத்தாயிற்று. எதைச் சுருக்கினாலும் இந்த ஃபியூஸ் விஷயத்தைச் சுருக்காதீர்கள்.

மற்றபடி சின்னச் சின்னது. எலி ஒரு தடவை எர்த் ஒயரைக் கடித்தது. டேஷ்போர்டு சுவிட்ச் இப்போது தொட்டால் குளிர்ந்தே இருக்கிறது. கால் டிப்பர் எட்டு வருஷமாக அதேதான், ஆனால் ஆறாவது வருஷம் அமுக்கினால் சில சமயம் மாறாமல் தகராறு செய்தது. பெரிய கரண்ட் போனபோது அழுக்கை அதுவே எரித்துத் தள்ளிவிடும். இப்போது போகிற துளிக் கரண்டுக்கு அந்தச் சக்தி இல்லை. கழற்றி நைஸ் உப்புத்தாளில் தேய்த்து மாட்டினேன், சரியாகிவிட்டது. பல்பு மட்டும் முன்பைவிடச் சீக்கிரம் போகிறது. முழு வோல்டேஜ் கொடுத்தால் ஆயுள் குறையத்தான் செய்யும்.

பழைய டைனமோ இருக்கிற வண்டிக்காரர்கள் தங்களுக்கு இது உதவுமா என்று கேட்பார்கள். எங்களுடையதில் ஆல்டர்னேட்டர் மாற்றியாயிற்று. டைனமோவில் சிக்னலில் நிற்கும்போது லைட் மங்குவதற்கு ரிலே மருந்தில்லை, ஐடிலில் டைனமோ கொடுக்கிறதே குறைவு. ஓடும்போது வித்தியாசம் தெரியும். 100/90 வாட் பல்பு போடலாமா என்றும் கேட்கிறார்கள். ரிலே தாங்கும், ஆனால் ரிஃப்ளெக்டரின் பாதரசப் பூச்சு மாதிரி இருக்கிற அந்த மினுமினுப்பு சூட்டில் கருத்துவிடும், எதிரில் வருகிறவர் கதியும் பாவம். எல்இடி பல்பை ஒரு மாதம் முயன்றேன். வெள்ளையாகப் பளிச்சென்று இருந்ததே தவிர, ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சம் மரக்கிளைகளில் விழுந்தது. கழற்றி மச்சினனிடம் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் மறுபடி அளந்தேன். இடது பல்பில் 13.3, வலதில் 13.0. வலது பீங்கான் ஹோல்டருக்குள் ஒரு பின் பழுப்பேறியிருக்கிறது. வர்ற ஞாயிற்றுக்கிழமை அதை மாற்ற வேண்டும்.