நோர்மா: விதிகளைப் படத்திலேயே வரையலாம், ஆனால்...

மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்க மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோவுக்குள் இயங்கும் இலவசக் கருவி நோர்மா. ஓஆர்எம் (Object-Role Modeling) முறையில், அதாவது பொருள்களையும் அவை வகிக்கும் பங்குகளையும் கொண்டு, ஒரு தரவுத்தளத்தின் கருத்துருப் படம் வரைவதற்கானது. விண்டோஸில்தான் இயங்கும், மேக் வைத்திருப்பவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம்.

உணவங்காடிக் கடைகளுக்கான தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். 01-25 என்ற கடை எண் சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்திலும் இருக்கலாம், வேறொரு நிலையத்திலும் இருக்கலாம். நிலையமும் எண்ணும் சேர்ந்தால்தான் ஒரு கடையை அடையாளம் காண முடியும். இங்கே வட்டத்துக்குள் கோடு போட்ட தனித்தன்மைக் குறியை இழுத்துவந்து இரண்டு பங்குகளோடும் இணைத்தால் போதும். ஒரு விவரம் கட்டாயம் இருக்க வேண்டும் என்றால் ஒரு புள்ளி.

சமைப்பவர் எல்லோரும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும் என்பது உட்கண விதி: சமைப்பவர் கூட்டம் தேறியவர் கூட்டத்துக்குள் அடங்க வேண்டும். மென்பொருள் வடிவமைப்பில் பரவலாகப் பயன்படும் யூஎம்எல் வகுப்புப் படத்தில் இதைப் பெரும்பாலும் ஓரத்தில் குறிப்பாக எழுதிவைப்பார்கள். இங்கே அது ஓர் அம்பு. முதலில் ‘சமைக்கிறார்’, பிறகு ‘தேறினார்’ என்ற வரிசையில் சொடுக்குங்கள். மாற்றினால் தேறியவர் அனைவரும் சமைத்தாக வேண்டும் என்றாகிவிடும்! படத்தைப் பார்த்து இந்தப் பிழையைப் பிடிப்பது கடினம். விதியை ஆங்கில வாக்கியமாகக் காட்டும் சாளரத்தை எப்போதும் திறந்தே வையுங்கள், கருவியின் ஆகச் சிறந்த அம்சம் அதுதான்.

படத்திலிருந்து எஸ்கியூஎல் (தரவுத்தள மொழி) நிரலை உருவாக்குவதில்தான் ஏமாற்றம். தனித்தன்மையும் கட்டாயமும் ஒழுங்காக வருகின்றன. மேற்பார்வையாளர் சங்கிலி சுழன்று தொடங்கியவரிடமே வரக்கூடாது போன்ற வளைய விதிகளுக்கு, தரவு மாறும்போது தானாக ஓடும் டிரிகர் நிரலை நீங்களே எழுதவேண்டும். படம் பெரிதானால் கோடுகள் சிக்கிக்கொள்ளும், பக்கங்களாகப் பிரித்துவிடுங்கள்.