அம்மாவுக்காக அரைநாள் வேலை: இ.எஸ்.ஐ.யா, தனியார் பாலிசியா?

என் அம்மாவுக்கு 66 வயது. 12 வருடமாகச் சர்க்கரை, அதோடு பிரஷர். வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த நான் 2024 ஏப்ரலில் கோவையில் ஒரு சின்ன தொழிற்கூடத்தில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். காலை 9 முதல் 1.30 வரை, மாதம் 9,000 ரூபாய். அந்தப் பணத்துக்காகச் சேரவில்லை, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கும் குடும்பத்துக்கும் உள்ள அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்று தெரிந்ததால்தான் சேர்ந்தேன். டியூஷன் மாலையில் இப்போதும் நடக்கிறது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தைத்தான் முதலில் பார்த்தோம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். என் கணவரின் வருமானம் அதைத் தாண்டுகிறது. தகுதி உள்ளவர்கள் யோசிக்காமல் வாங்கிவிட வேண்டிய அட்டை அது.

அடுத்தது தனியார் பாலிசி. அம்மாவுக்கு மட்டும் ஆண்டுக்கு 38,000 ரூபாய் என்றார் ஏஜென்ட். அப்போது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. (தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி இல்லை.) ஆஸ்பத்திரி பில்லில் 20 சதவீதம் நாங்கள் கட்ட வேண்டும். ஏற்கனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் 3 வருடம். முன்பு 4 வருடம் வரை போகலாம் என்றிருந்ததை 2024-இல்தான் 3 ஆகக் குறைத்தார்கள். அம்மாவுக்கு எது வந்தாலும் சர்க்கரையில் கொண்டுபோய் முடிப்பார்கள். ஆக, 3 வருடம் பணம் கட்டிக்கொண்டு, ஒன்றும் வந்துவிடக் கூடாதே என்று சாமி கும்பிட வேண்டும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் அதில் ஒரு பைசா கிடைக்காது.

இ.எஸ்.ஐ.யில் அம்மாவின் வயதை யாரும் கேட்கவில்லை, என்ன நோய் என்றும் கேட்கவில்லை. பெற்றோரைச் சேர்க்க ஒரே நிபந்தனை, அவர்களுடைய வருமானம் மாதம் 9,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்கள் பலருக்கு இந்த இடத்திலேயே வழி அடைபட்டுவிடும், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் நம்முடையது, 3.25 சதவீதம் முதலாளியுடையது. என் சம்பளத்துக்கு நான் 68 ரூபாய், அவர் 293 ரூபாய். இதில் நான், என் கணவர், அம்மா மூன்று பேரும் அடக்கம். டிஸ்பென்சரியில் காலையில் போய் வரிசையில் உட்கார வேண்டும், அரை நாள் போய்விடும். ஆனால் அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கையில் வந்துவிடுகின்றன. கண்புரை அறுவை சிகிச்சை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் நடந்தது. ஆட்டோ செலவோடு முடிந்தது.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். இ.எஸ்.ஐ.யில் எல்லாமே சந்தா கட்டிய நாள் கணக்கு. (சந்தா என்பது சம்பளக் கணக்கில் மாதாமாதம் கட்டும் அந்தப் பணம்தான்.) ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முதல் அரையாண்டில் கட்டியதற்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை, இரண்டாவதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. உடம்பு முடியாமல் லீவில் இருந்தால் கிடைக்கும் 70 சதவீதச் சம்பளத்துக்கு, சந்தாக் காலத்தில் 78 நாள் இருக்க வேண்டும். சாதாரண வைத்தியம் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. ஆனால் இதயம், சிறுநீரகம், புற்றுநோய் மாதிரி உயர் சிகிச்சைக்கு, வேலை பார்ப்பவருக்கு 6 மாத வேலையும் 78 நாளும், குடும்பத்தாருக்கு ஓராண்டு வேலையும் 156 நாளும் வேண்டும். நான் வேலைக்குப் போனதே அந்த 156-க்காகத்தான்.

சேர்ந்து மூன்றாவது மாதம் இ.எஸ்.ஐ. இணையதளத்தில் என் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஏப்ரலுக்கு 13 நாள், மே மாதத்துக்கு 13 நாள் என்று இருந்தது. நான் ஒரு நாளும் லீவு போடவில்லை, மாதம் 26 நாள் போயிருக்கிறேன். கணக்குப் பார்க்கும் அண்ணாவிடம் கேட்டேன். "அரைநாள்தானேங்க வர்றீங்க, ரெண்டு நாளைச் சேர்த்து ஒண்ணுன்னு போட்டேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவருக்கு அது நியாயமாகவே பட்டிருக்கிறது. ஆனால் மாதம் 13 என்றால் 6 மாதத்துக்குச் சரியாக 78. ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருந்தால் 77. வருடத்துக்கும் அப்படியே, 156-இல் ஒன்று குறைந்தாலும் அம்மாவுக்கு உயர் சிகிச்சை கிடையாது. இ.எஸ்.ஐ. பார்ப்பது சம்பளம் கொடுத்த நாளை. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்பது அதில் வராது. சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் கணக்கில் சேரும். இதைப் புரியவைத்து, முதலாளியிடமும் பேசி, திருத்த வைக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் எனக்குத் தூக்கம் இல்லை.

அதனால் அரைநாள் வேலைக்குச் சேரும்போதே "மாதம் எத்தனை நாள் போடுவீர்கள்" என்று கேட்டுவிடுங்கள். ஒரு மாதத்தின் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 16-ஆம் தேதி நீங்களே இணையதளத்தில் போய்ப் பாருங்கள். அப்புறம், வேலைக்கே வராமல் பெயரை மட்டும் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள், அது மோசடி. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தனியார் பாலிசியை நான் ஒதுக்கவில்லை. வேலை போனாலும் அது நிற்கும். பிடித்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம். 40 வயதுக்குள், நோய் எதுவும் இல்லாதபோது எடுத்தால் அதுதான் நல்லது. எனக்கும் என் கணவருக்கும் 5 லட்சத்துக்கு ஒன்று எடுத்திருக்கிறோம். இ.எஸ்.ஐ.யில் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால், நடக்கும் சந்தாக் காலம் முடியும்வரைதான் இருக்கலாம். வேலையை விட்டாலும் கட்டிய நாளுக்கான பலன் காலம் முடிந்ததும் எல்லாம் நின்றுவிடும். பெரிய அறுவை சிகிச்சை வரை நாங்கள் போனதில்லை, கண்புரை வரைதான் என் அனுபவம். அதற்கு மேல் போனவர்கள் சொல்வதை என் வார்த்தையைவிட நம்புங்கள்.

ஆனால் சர்க்கரையோடு இருக்கும் 60 வயது தாண்டிய அம்மாவோ அப்பாவோ உங்கள் பொறுப்பில் இருந்தால், அரைநாள் வேலைதான் என் பதில். 2025 ஏப்ரலில் ஓராண்டு முடிந்தது. இணையதளத்தில் மாதாமாதம் 26, 26 என்று வரிசையாக இருந்ததை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார்.