மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்: ஏழு வருஷம் ஓட்டினதுக்கு அப்புறம்

டேபிள்ல உக்காந்து ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவா ஆடுற ரோல்பிளேயிங் கேம் இது. நான் ஓட்டினது தேர்ட் எடிஷன் தான், பெரும்பாலும் பவர் லெவல் 10, அதாவது ஹீரோவோட பலத்துக்கான அளவு. கேம் மாஸ்டரா, அதாவது கதையையும் வில்லனையும் நடத்துறவனா உக்காந்ததுதான் அதிகம், நடுவுல ரெண்டு கேம்பெய்ன் (பல செஷன் ஓடுற தொடர்கதை) பிளேயராவும் ஆடியிருக்கேன், அதனால ரூல்ல இருக்கிற ஓட்டையில புகுந்தவனும் நான்தான், அப்புறம் அதை அடைக்கப் போய் முழி பிதுங்கினவனும் நான்தான்.

ஆடாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். கேரக்டர் கட்ட லெவலுக்கு 15 பாயிண்ட், அப்போ லெவல் 10க்கு 150. வீரன், மந்திரவாதின்னு ரெடிமேட் கிளாஸ் கிடையாது. நெருப்பு வீசுறதுன்னு தனியா ஒரு பவரும் கிடையாது, டேமேஜ்னு ஒரு எஃபெக்ட் எடுத்து அதுல தூரம், பரப்பு எல்லாம் ஒட்டி நீங்களே செஞ்சுக்கணும், அது நெருப்பா மின்னலாங்கறது மேல அடிக்கிற பெயிண்ட் மாதிரி. சின்ன வயசுல நோட்டுக்குப் பின்னாடி வரைஞ்ச ஹீரோவக்கூட அப்படியே கேரக்டர் ஷீட்டுல இறக்கலாம். எனக்கு இன்னும் இந்த கேம் சலிக்காததுக்கு அதுதான் காரணம்.

கட்டுப்பாடே இல்லன்னும் சொல்ல முடியாது. லெவல் 10ல அட்டாக் போனஸும் (குறி தப்பாம படுறது) எஃபெக்ட் ரேங்க்கும் (பவரோட பலம்) கூட்டினா 20 தாண்டக்கூடாது, டாட்ஜும் (விலகுறது) டஃப்னஸும் (அடி தாங்குறது) சேர்ந்து 20, ஃபார்ட்டிட்யூடும் (உடம்புத் தெம்பு) வில்லும் (மன உறுதி) சேர்ந்து 20. முதல் தடவை படிச்சப்போ அடடா என்ன அழகா பூட்டியிருக்காங்கன்னு நினைச்சேன். பூட்டு நம்பருக்கு மட்டும்தான். எத்தனை விதமா அடிக்கலாம், எதெல்லாம் உங்கள தொடவே தொடாதுங்கிறதுக்கு பூட்டு கிடையாது.

அரேன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. 40 பாயிண்ட்ல ஒரு பவர் வாங்கிட்டீங்கன்னா, அதே 40க்குள்ள அடங்குற இன்னொரு பவர் வெறும் 1 பாயிண்ட். ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும், அவ்வளவுதான் நிபந்தனை. ஏழு பவர் தனித்தனியா வாங்கினா 280, அரேல போட்டா 46. நான் பிளேயரா இருந்தப்போ இதத்தான் செஞ்சேன், பதினோரு பவர் வச்சிருந்தேன், பூட்டு திறக்கணுமா என்கிட்ட இருக்கு, பறக்கணுமா இருக்கு, ஆறு செஷன் கழிச்சு கூட ஆடுற ஒருத்தர் "அப்போ நாங்க எதுக்கு வர்றோம்"னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு, எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. சம்மன் இன்னும் மோசம், ரேங்க்குக்கு 2 பாயிண்ட் தான், 20 பாயிண்ட் குடுத்தா 150 பாயிண்ட்ல கட்டின ஒரு அடியாள் வந்து நிப்பான்.

ஆனா என்ன உண்மையா படுத்தி எடுத்தது இம்யூனிட்டி. 80 பாயிண்ட் குடுத்தா டஃப்னஸ் வச்சு தாங்க வேண்டிய எதுவுமே உங்கள ஒண்ணும் பண்ணாது, குண்டு, வெடி, குத்து எதுவும். ஒரு பிளேயர் அத வாங்கிட்டு வந்தாரு, ரூல்ல இருக்கேன்னாரு, ஆமா இருக்கு, நானும் தலையாட்டிட்டேன். மூணு செஷன் என் வில்லனுங்க அவர் மேல சுவத்துல பந்து அடிச்ச மாதிரி அடிச்சுக்கிட்டு இருந்தானுங்க. சரின்னு நாலாவது செஷனுக்கு ஒரு மனோசக்தி வில்லன கொண்டு வந்தேன், மென்டல் பிளாஸ்ட் 10, குறி வைக்கவே வேண்டாம், பார்வையில இருந்தா பட்டுடும், தாங்குறது வில் வச்சுதான்.

இங்கதான் எனக்கு விஷயம் புரிஞ்சது. இம்யூனிட்டி வாங்கின மனுஷனுக்கு வில் 12, உஷாராத்தான் கட்டியிருந்தாரு. அடி வாங்கினது யாருன்னா வேகமா ஓடுற ஹீரோவ வச்சு ஆடின பொண்ணு, புத்தகத்துல இருக்கிற மாதிரி ஒழுங்கா கட்டின கேரக்டர், வில் வெறும் 5. எட்ட வேண்டியது 25. டி20ய, அதாவது இருபது முகப் பகடைய உருட்டினா, 3 விழுந்துச்சு. மொத்தம் 8, ஒரே அடியில ஆள் அவுட். மறுபடி உருட்ட உதவுற ஹீரோ பாயிண்ட்டும் முந்தின சீன்லயே காலி. மிச்ச சண்டை முக்கால் மணி நேரம், அவ அந்த டி20ய விரலால சுத்தி விட்டுக்கிட்டே உக்காந்திருந்தா. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டிங்கிற மாதிரி, ரூல வளைச்சவருக்காக நான் வில்லன ஏத்தினா நேரா வந்தவ தலையில விழுது. ஓட்டையால கேம் மாஸ்டருக்குத்தான் கஷ்டம்னு எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கென்ன, நான் இன்னொரு வில்லன எழுதிட்டுப் போறேன்.

இது இந்த கேமுக்கு மட்டும் வந்த வியாதியும் இல்ல. 1981ல வந்த சாம்பியன்ஸ்ங்கிற சூப்பர் ஹீரோ கேம்லயே பாயிண்ட் வச்சு கட்டுறதுதான், அதுல கேரக்டருக்கு குறை எழுதினா பாயிண்ட் கிடைக்கும், அதனால ஆட்டத்துல எட்டிக்கூடப் பாக்காத குறையா தேடித் தேடி எழுதுவாங்க. அவங்களே பிற்பாடு வந்த புத்தகங்கள்ல சில பவர் பக்கத்துல ஸ்டாப் சைன் படம் போட்டு வச்சாங்க, கேம் மாஸ்டர் யோசிச்சு அனுமதிங்கன்னு. மியூட்டன்ட்ஸ் தேர்ட் எடிஷன்ல குறைக்கு முன்கூட்டி பாயிண்ட் கிடையாது, அது ஆட்டத்துல நிஜமா தொல்லை குடுத்தா அப்போ ஒரு ஹீரோ பாயிண்ட். இது நல்ல மருந்து. நாலு பேர் தானா முன்வந்து என் கேரக்டரோட தங்கச்சிய கடத்துங்கன்னு கேக்குறத வேற எங்கயும் நான் பாத்ததில்ல.

இப்போ என் டேபிள்ல 80 பாயிண்ட் இம்யூனிட்டி கிடையாது, அரேல அஞ்சுக்கு மேல கிடையாது. ஷீட்ட நான் மட்டும் பாக்குறதில்ல, எல்லாரும் மத்தவங்க ஷீட்ட படிச்சுட்டுத்தான் முதல் செஷனே. இந்தப் படிக்கிற பழக்கம் மத்த ரெண்டு ரூலையும் விட வேலை செய்யுது, என்னமோ கூச்சம் வந்துடுது போல.

அந்த இம்யூனிட்டிக்காரரு இன்னும் வர்றாரு. இந்தத் தடவை வேரியபிள் 6, அதாவது 42 பாயிண்ட் குடுத்து, 30 பாயிண்ட்டுக்கு அந்தந்த நேரம் என்ன தோணுதோ அந்தப் பவர். அவர் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள வில்லன் வயசாகி செத்துடுவான்னு, அஞ்சு பவர முன்னாடியே கார்டுல எழுதிட்டு வாங்க, அதுல இருந்து மட்டும்தான்னு சொல்லியிருக்கேன். மூணு தான் எழுதியிருக்காரு, அதுல ஒண்ணு சம்மன்.